கூரையில் மூன்று பன்றிகள்

ஹில்கெ ஓல்ட்மனுக்கு மனிதர்களைக் கண்டாலே ஆகாது என்று நோர்டர்வேல் ஊரில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். அவளுக்கு ஆகாதவர்கள் மொத்தம் ஒன்பது பேர்தான். நகராட்சி கட்டுகிற புதிய தொடக்கப்பள்ளியில் ஆளுக்கொரு வேலையைத் துணை ஒப்பந்தமாக எடுத்திருந்த ஒன்பது முதலாளிகள். மற்றபடி உலகத்தில் யாரோடும் அவளுக்குப் பகை இல்லை.

அந்த ஒன்பது பேரை வரிசையில் நிறுத்தி வேலை வாங்குவதுதான் அவள் பிழைப்பு. பள்ளியை மொத்தமாகக் கட்டித் தருவதாக அவளுடைய நிறுவனம் நகராட்சிக்கு எழுதிக் கொடுத்திருந்தது. எழுதிக் கொடுத்ததை நடத்திக் காட்ட அவளை சைட் மேனேஜராக அனுப்பியிருந்தது. மின்கம்பி இழுக்கிறவன் முடித்தால்தான் சுவரை மூடுகிறவன் வரலாம். வெந்நீர்க் குழாய் பதிக்கிறவன் முடித்தால்தான் சிமென்ட் தரை ஊற்றுகிறவன் வரலாம். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கும். நடப்பில் எவனும் முடிப்பதில்லை. அடுத்தவன் மட்டும் சொன்ன தேதிக்கு முந்தின நாளே லாரியோடு வந்து நின்றுகொண்டு, என் இடம் எங்கே என்பான். இடம் இல்லை என்றால் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். அந்த வெடிப்பையெல்லாம் வாங்கிக்கொள்ளத்தான் ஹில்கெக்குச் சம்பளம்.

அவளுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. கடல் அணைக்குப் பின்னால், காற்று ஓயாத ஒரு வீட்டில் பிறந்தவள். அப்பா துறைமுகத்தில் மணல் வாரும் கப்பல் ஓட்டினார். பதினாறு வயதில் கொத்துவேலை பழகப் போனாள். அந்தப் பட்டறையில் ஒரே பெண் அவள்தான். முதல் நாளே, ரசமட்டத்துக்குள் ஓடும் குமிழி தீர்ந்துவிட்டது, கடையில் போய் ஒரு டப்பா குமிழி வாங்கி வா என்று அனுப்பினார்கள். அவள் மூன்று மணி நேரம் கழித்து வந்து, குமிழி கிடைக்கவில்லை, ஆனால் முதலாளி பேரில் கணக்கெழுதி எல்லோருக்கும் கேக் வாங்கி வந்திருக்கிறேன் என்றாள். அதற்குப் பிறகு யாரும் அவளை எதற்கும் அனுப்பவில்லை. பதினைந்து வருஷம் செங்கல் வைத்தாள். முப்பத்தொன்றில் இடுப்பு எலும்பு நழுவியது. மருத்துவர் இனிக் குனியக்கூடாது என்றார். படித்து, தேர்வெழுதி, முப்பத்து நான்கில் மேனேஜர் ஆனாள். குனியாமல் இருப்பது அவளுக்கு இயல்பாகவே வந்தது.

இத்தனை வருஷத்தில் ஒரு கட்டடத்தையும் அவள் கடைசிவரை நின்று ஒப்படைத்ததில்லை. எங்கள் பக்கம் கட்டடம் முடிந்தால் ரொட்டிக்காரன் முழ நீளத்துக்கு ஒரு சாவி சுட்டுத் தருவான். அந்த மாவுச் சாவியைக் கட்டினவர்கள் சொந்தக்காரரிடம் கொடுத்து, எல்லோரும் பிய்த்துத் தின்பார்கள். ஒவ்வொரு முறையும் ஹில்கெயை அடுத்த வேலைக்கு இழுத்துவிடுவார்கள். சாவியை அவள் முதலாளி கொடுப்பார். ஒரே ஒருமுறை, ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பக்கத்து ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் கடைசி மாதம்வரை நின்றாள். அதைக் கெடுத்தவன் ஹாப்போ தியார்க்ஸ்.

ஹாப்போ குழாய்க்காரன். வெந்நீர், கழிவுநீர், தரைக்கடியில் சூடேற்றும் குழாய் எல்லாம் அவன் பொறுப்பு. கட்டைகுட்டையான ஆள். காதில் எப்போதும் பென்சில் செருகியிருக்கும். தீயணைப்பு நிலையத்தில் ஒரு குழாய்ப் பள்ளத்தை அரசு ஆய்வாளர் பார்த்த பிறகுதான் மூட வேண்டும். ஆய்வாளர் இரண்டு நாள் தாமதித்தார். மூடிவிடலாமா என்று ஹில்கெ கேட்டாள். "மூடு, என்ன ஆகப்போகுது" என்று டீயைக் குடித்துக்கொண்டே அவன் சொன்னான். மூடினாள். மறுநாள் காலை அவனிடமிருந்து நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போயிருந்தது: என் அறிவுரையை மீறிப் பள்ளம் மூடப்பட்டது, எனக்குப் பொறுப்பில்லை.

எங்கள் நாட்டுக் கட்டட வேலையில் அப்படியொரு விதி. தப்பு நடக்கப்போகிறது என்று தெரிந்தால் எழுத்தில் சொல்லிவிட வேண்டும். சொன்னால் பழி கடிதத்தை வாங்கினவர் தலையில். சொல்லாவிட்டால் சொல்லாதவன் தலையில். இதற்கு ஆட்சேபக் கடிதம் என்று பெயர். சட்டம் போட்டவர்கள் நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பார்கள். ஆனால் ஹாப்போ போன்ற ஆள் கையில் அது துப்பாக்கி. அந்தக் கடிதத்தால் ஹில்கெயைக் கட்டுமானத் தளத்திலிருந்து தூக்கினார்கள். பதினான்கு மாதம் தலைமை அலுவலகத்தில், ஜன்னல் திறக்காத அறையில், ஆணிகளின் அளவை அட்டவணையில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவள் மறந்திருப்பாள் என்று நினைக்கிறவர்களுக்கு அவளைத் தெரியாது. அதுவரை நீ, வா, போ என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் அதன்பிறகு நீங்க, வாங்க என்று மாறினார்கள். எங்கள் பக்கம் அது கன்னத்தில் அறைவதைவிட மோசம்.

அந்த ஹாப்போதான் பள்ளிக்கூட வேலையிலும் குழாய் ஒப்பந்தத்தைப் பிடித்திருந்தான். ஹில்கெயின் முதலாளி அவளைக் கூப்பிட்டு, "இந்தத் தடவையும் அந்த ஆளோட முட்டிக்கிட்டு வேலை நின்னுச்சுன்னா, நீ திரும்ப ஆணி எண்ண வேண்டியதுதான். அப்புறம் தளம் பக்கமே வர முடியாது" என்றார்.

"சாவியை நான்தான் கொடுப்பேன்" என்றாள் ஹில்கெ. அது ஒன்றுதான் அவள் கேட்டது.

செவ்வாய்தோறும் காலை ஏழு மணிக்குத் தளத்துக் கன்டெய்னரில் கூட்டம். நகராட்சிப் பொறியாளர் ரோட்டர்முண்ட் சைக்கிளில் வருவார். கால்சட்டையில் மாட்டிய கிளிப்பைக் கழற்றாமலே உட்காருவார். ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்க்காதபடி உட்காருவார்கள். ஹில்கெ டீ ஊற்றுவாள். கற்கண்டு, அதன்மேல் டீ, அதன்மேல் ஒரு சொட்டுப் பாலாடை. சண்டை எவ்வளவு முற்றினாலும் டீ உண்டு. அது இல்லாமல் இங்கே எதிரியோடுகூடப் பேச முடியாது. போதும் என்றால் காலிக் கோப்பைக்குள் ஸ்பூனைப் போட வேண்டும். அதுவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். மூன்று கோப்பைக்கு முன்னால் ஸ்பூனைப் போடுகிறவன் மரியாதை தெரியாதவன்.

ஹாப்போ உட்கார்ந்ததுமே, ஒரு சொட்டும் ஊற்றுவதற்கு முன்பே, கோப்பைக்குள் ஸ்பூனை டிங்கென்று போடுவான். ஹில்கெ அவனைத் தாண்டி அடுத்தவனுக்கு ஊற்றுவாள். ஒன்றரை வருஷம், வாரம் தவறாமல், இது நடந்தது.

பிறகு கடிதம். முதல் மாதத்திலேயே ஐந்து. கூட்டத்தில் எழுந்து நின்று கடிதத்தை உரக்கப் படித்துவிட்டுத்தான் தருவான். குழாய்க் கிடங்குக்கு வெளிச்சம் போதவில்லை, ஆட்சேபம். கழிப்பறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்கிறது, ஆட்சேபம். ஜிப்சம் பலகைக்காரன் ரெம்மரின் ஆட்கள் ரேடியோவைச் சத்தமாக வைக்கிறார்கள், கவனம் சிதறிப் பற்றவைப்பு கெட்டால் பொறுப்பில்லை, ஆட்சேபம்.

"ரேடியோவுல என்ன பாட்டுன்னும் எழுதிருங்க, முழுமையா இருக்கும்" என்றான் ரெம்மர்.

"உங்க ஆளுங்க கூடப் பாடுறாங்களே, அதைத்தான் தனிக் கடிதமா எழுதலாம்னு இருக்கேன்."

ஐந்தாவது கடிதத்தோடு ஹில்கெக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு தகரத் தபால் பெட்டி வாங்கி வந்து கன்டெய்னர் கதவில் நாலு திருகாணி போட்டு முறுக்கினாள். "இனிமே கூட்டத்துல படிக்க வேண்டாம். இதுல போடுங்க. நான் படிச்சுக்கறேன்."

"வந்து சேர்ந்ததுக்கு அத்தாட்சி?"

"பதில் வரும்ல, அதான் அத்தாட்சி."

பதில் வந்தது. ஒவ்வொரு கடிதத்துக்கும் மூன்றே வரி: உங்கள் ஆட்சேபம் கிடைத்தது. பரிசீலிக்கப்பட்டது. ஒப்பந்தப்படி வேலையைத் தொடரவும். முதலில் படித்துவிட்டுத்தான் இந்த மூன்று வரியை எழுதினாள். பன்னிரண்டாவது கடிதத்துக்கு மேல் படிப்பதை நிறுத்தினாள். பழுப்பு உறையின் மூலையில் அவன் எழுதியிருக்கும் எண்ணைப் பார்ப்பாள், அந்த எண்ணைப் போட்டு மூன்று வரியை அச்செடுப்பாள், உறையைப் பிரிக்காமலே கோப்பில் குத்துவாள். அவனுடைய கடிதத்தைப் படிக்காமல் இருப்பதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது. அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை, தன்னிடமும்.

நாற்பத்து இரண்டு கடிதம் இப்படிப் போயிற்று. நாற்பத்து மூன்றாவது ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பெட்டியில் விழுந்தது. அன்று கிரேனைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். காற்று வேறு உறுமியது. உறையை எடுத்துக் கோப்புக்குள் செருகினாள். மூன்று வரியைத் திங்கட்கிழமை அனுப்பலாம் என்று விட்டாள். திங்கட்கிழமை கூரைக்காரனோடு தகராறு. அப்படியே மறந்துபோனது.

அந்த மாதக் கடைசியில், கூட்டத்தில் முன்பே கேட்டிருந்தபடி, பள்ளித் தலைமை ஆசிரியை ஓர் அறையின் குறுக்குச் சுவரை நாற்பது சென்டிமீட்டர் தள்ளிப் போடச் சொல்லி நகராட்சியில் ஒப்புதல் வாங்கியிருந்தார். திருத்திய வரைபடம் எல்லோருக்கும் போனது. சிமென்ட் தரை அதற்கு முன்பே ஊற்றியாகிவிட்டது. ரெம்மர் வந்து, தரையில் ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு வரிசையாகத் துளை போட்டு, அடிச்சட்டத்தை முடுக்கிச் சுவரை நிறுத்தினான். சுத்தமான வேலை. ஹில்கெயே மெச்சினாள்.

ஆகஸ்டு முதல் வெள்ளி. பள்ளி திறக்க மூன்று வாரம். தரைக்கு லினோலியம் விரிப்பு ஒட்ட வியார்ட் என்கிற ஒரு பெரியவர் வந்தார். ஒட்டுவதற்கு முன் சிமென்ட் காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வழக்கம். தரையில் ஒரு துண்டைப் பெயர்த்து, பொடித்து, இரும்புக் குப்பியில் குண்டுகளோடும் மருந்தோடும் போட்டுக் குலுக்குவார். மூடியில் உள்ள முள் ஈரத்தைக் காட்டும். குலுக்கினார். முள்ளைப் பார்த்தார். மறுபடி வேறு துண்டைப் பெயர்த்துக் குலுக்கினார்.

"ஹில்கெ, இது தரையில்ல. ஈரக் கடற்பஞ்சு" என்றார்.

"ஊத்தி பத்து வாரம் ஆச்சு."

"பத்து வருஷம் ஆனாலும் இதே ஈரந்தான். அடியிலேர்ந்து வருது."

மதியத்துக்குள் வெப்பக் கேமரா வைத்துப் பார்த்துவிட்டார்கள். ரெம்மர் முடுக்கிய திருகாணிகளில் ஒன்று, ஒரே ஒன்று, சூடேற்றும் குழாயைத் துளைத்திருந்தது. துளைத்த ஆணியே துளையை அடைத்துக்கொண்டும் இருந்தது. அதனால் பீய்ச்சியடிக்கவில்லை. ஐந்து வாரமாகக் கசிந்து, இரண்டு வகுப்பறையும் நடைவழியும் அடியில் ஊறிக் கிடந்தன. அழுத்தமானியின் முள் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. புதுக் குழாயில் காற்று வெளியேறினால் இறங்கும் என்று யாரும் சட்டை செய்யவில்லை. இனி தரையை உடைத்து, உலர்த்தி, மறுபடி ஊற்ற வேண்டும். ஆகஸ்டில் பள்ளி திறக்காது.

யார் பொறுப்பு என்பது செவ்வாய்க் கூட்டத்தில் முடிவாகும் என்று ரோட்டர்முண்ட் தொலைபேசியில் சொன்னார். ரெம்மர் அதற்குள்ளேயே கத்திக்கொண்டிருந்தான். "குழாய் எங்க போகுதுன்னு எனக்கு யாரும் சொல்லல. வரைபடத்துல துளை போடுன்னு இருந்தா போடுவேன். எனக்கென்ன எக்ஸ்ரே கண்ணா?"

ஹாப்போ வேனில் ஏறும்போது ஹில்கெயைப் பார்த்து, "நாப்பத்து மூணு" என்றான்.

சனிக்கிழமை காலை ஆளில்லாத தளத்துக்குப் போனாள். கோப்பை எடுத்தாள். பிரிக்காத உறைகள் செங்கல் கனத்துக்கு இருந்தன. நாற்பத்து மூன்றைக் கிழித்தாள். ஒரே பக்கம். தள்ளிப் போடப்போகும் சுவர் என்னுடைய குழாய்களின் நேர் மேலே வருகிறது, நாலு சென்டிமீட்டருக்கு மேல் துளையிட்டால் குழாயில் படும், துளையிடும் முன் கேமரா வைத்துக் குறியிட வேண்டும். கீழே பென்சிலால் ஒரு படம். கதவிலிருந்து எத்தனை, ஜன்னலிலிருந்து எத்தனை என்று அரை சென்டிமீட்டர்வரை அளவு. வரைபடத்தைப் பார்த்து யாரும் இப்படி எழுத முடியாது. முட்டி போட்டு அளந்திருக்கிறான். எல்லாவற்றுக்கும் கீழே, அதே பென்சிலில், இந்த ஒன்றையாவது பிரித்துப் படிக்கவும் என்று எழுதியிருந்தது.

ஹில்கெ கடிதத்தை நாலாக மடித்து மேல்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அவள் புருஷன் ஃபோல்கர்ட் தீவுக்குப் போகும் படகில் இன்ஜின் பார்க்கிறவன். இரண்டு வாரம் கடலில், இரண்டு வாரம் வீட்டில். அன்று வீட்டில் இருந்தான். பன்றி இறைச்சித் துண்டுகளோடு தட்டை மீன் வறுத்துக்கொண்டிருந்தான். அவள் மேஜையில் கடிதத்தைப் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"இது வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. போட்டவனுக்கு."

"பதில் போட்டியா?"

"இதுக்கு மட்டும் போடல."

ஃபோல்கர்ட் மீனைத் திருப்பினான். "அப்ப வரவே இல்ல. அவன் சொன்னா எவன் நம்புவான்? கழிப்பறைக் கதவுக்கெல்லாம் எழுதின பய. எழுதினேன்னு சொல்லட்டும், அத்தாட்சி எங்கன்னு கேளு. பழி அவனுக்கு, சாவி உனக்கு. அடுப்பு எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கு."

அவள் கடிதத்தைக் கையில் எடுத்தாள். நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டும் போனாள். இதை மறைத்துச் சொல்லி அவளை நல்லவள் ஆக்குவதில் எனக்கு விருப்பமில்லை. ஒன்பது வருஷப் பகை, ஒரு காகிதம், பார்க்க ஆளில்லை. ஹாப்போ தலையில் எல்லாம் விழும். அவன் நகராட்சி வேலை என்று இனி எதற்கும் மனுப் போட முடியாது. அதை நினைக்க அவளுக்கு இனித்தது.

"என்ன யோசனை?" என்றான் ஃபோல்கர்ட்.

"அந்த ஆள் வாயால ஒண்ணு சொல்லிட்டு எழுத்துல ஒண்ணு சொன்னான். அதுக்குத்தான் ஒம்பது வருஷமா அவனைத் திட்டிக்கிட்டிருக்கேன்."

"ஆமா. தினம் கேக்கறேனே."

"இதை எரிச்சா நானும் அதையேதான செய்யறேன். அப்புறம் அவனை எதுக்குத் திட்டறது?"

ஃபோல்கர்ட்டுக்கு அது புரியவில்லை. மீன் கருகத் தொடங்கியிருந்தது. அவள் கடிதத்தை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு, கருகின மீனைத் தின்றாள்.

செவ்வாய்க்கிழமை கன்டெய்னரில் மூச்சுவிட இடமில்லை. தலைமை ஆசிரியைகூட வந்து கதவோரம் நின்றிருந்தார். இரண்டு குளிர்காலமாகப் பிள்ளைகளைத் தகரக் கொட்டகையில் வைத்துப் பாடம் நடத்திய கோபம் அவர் முகத்தில் தெரிந்தது. ஹில்கெ டீ ஊற்றினாள். ஹாப்போ காலிக் கோப்பைக்குள் ஸ்பூனைப் போட்டான். அவனுடைய சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்று எட்டிப் பார்த்தது. அவன் அதை அடிக்கடி தொட்டுக்கொண்டான். கல்யாணத்துக்கு வந்தவன்போல முகம் மலர்ந்திருந்தது. அவனை அப்படி யாரும் பார்த்ததில்லை.

ரோட்டர்முண்ட் நேராகக் கேட்டார். "தியார்க்ஸ், உங்க குழாய் இருக்கற இடத்துல சுவர் வருதுன்னு எச்சரிச்சீங்களா?"

"எழுத்துல. ஜூன் மாசம். பெட்டியில போட்டேன்."

"நகல்?"

"இருக்கு. ஆனா வந்து சேர்ந்துச்சான்னு நான் சொல்ல முடியாதே. அம்மணிதான் சொல்லணும்." ஹில்கெயைப் பார்த்தான். கை சட்டைப் பையிலேயே இருந்தது. "சொல்லுங்க. வந்துச்சா, வரலையா?"

ஹில்கெ கெட்டிலைக் கீழே வைத்தாள். பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து மேஜையில் விரித்தாள்.

"வந்துச்சு. நான் பிரிக்கல. சனிக்கிழமைதான் படிச்சேன். அளவெல்லாம் சரியா இருக்கு. ரெம்மருக்கு இதைக் கொடுத்திருந்தா துளை போட்டிருக்க மாட்டான். தப்பு என்னோடது."

ஹாப்போவின் முகம் விழுந்துவிட்டது. பரிசு வாங்கப் படியேறியவனைப் பாதிவழியில் இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. சட்டைப் பையிலிருந்து பாதி வெளியே வந்திருந்த காகிதத்தை என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அது என்ன காகிதம்?" என்றார் ரோட்டர்முண்ட்.

"ஒண்ணுமில்ல. வேற சைட்டோடது." மடித்து உள்ளே தள்ளினான். பிறகு யாரையும் பார்க்காமல், கெட்டிலைப் பார்த்து, "இப்படியா சொல்றது? ஒரு மனுஷனை இவ்வளவு தூரம் தயார் பண்ண வச்சுட்டு" என்று முணுமுணுத்தான்.

ரெம்மர் சிரித்துவிட்டான். தலைமை ஆசிரியை சிரிக்கவில்லை. அக்டோபர் விடுமுறைக்குப் பிறகுதான் பள்ளி திறக்கும் என்று முடிவானது. தேதியை மேயரிடம் தானே சொல்லிக்கொள்வதாக ரோட்டர்முண்ட் சொன்னார். கடைசியில் எழுந்து நின்று, "ஓல்ட்மன், அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வேற ஆள் வேணும்னு உங்க நிறுவனத்துக்கு எழுதறேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று அவள் கேட்கவில்லை. அழுகை வந்தது, ஒன்பது பேர் முன்னால் அழ அவள் தயாராக இல்லை. கோப்பைகளை அடுக்கினாள்.

வியாழக்கிழமை கன்டெய்னரில் தன் சாமான்களை அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். ரசமட்டம், பூட்ஸ், கற்கண்டு டப்பா. கதவில் தகரப் பெட்டி டங்கென்று சத்தம் போட்டது. வெளியே வேன் கிளம்பும் ஓசை. அவள் பெட்டியைத் திறந்தாள். பழுப்பு உறை, மூலையில் நாற்பத்து நான்கு. இந்தத் தடவை நின்ற இடத்திலேயே கிழித்தாள்.

கடிதம் நிறுவனத்துக்கு, நகல் நகராட்சிக்கும் சைட் மேனேஜருக்கும். வேலையின் நடுவில் சைட் மேனேஜரை மாற்றுவதற்கு ஆட்சேபம் தெரிவிக்கிறேன். எந்தச் சுவர் எங்கிருந்து எங்கே போனது என்பது புதிதாக வருகிறவருக்குத் தெரியாது. உடைக்கும் தரைக்கடியில் என் குழாய்கள் இருக்கின்றன. இப்போதுள்ளவர் கடிதம் படிக்காதவர்; ஆனால் படிக்கவில்லை என்று கேட்டால் சொல்லிவிடுகிறவர். வருகிறவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. மாற்றினால் அக்டோபர் தேதிக்கும், ஏற்படும் சேதத்துக்கும் நான் பொறுப்பல்ல.

உறைக்குள் இன்னொரு காகிதமும் இருந்தது, வியர்வையில் மடிப்பு நைந்துபோனது. போன வருஷத்து இருபத்து ஒன்பதாவது கடிதத்தின் நகல். வால்வுகளைப் பற்றி ஏதோ இரண்டு பத்தி. அதன் நடுவில்: பள்ளியின் கூரையில் மூன்று பன்றிகள் படுத்திருக்கின்றன, அவற்றில் ஒன்று குட்டி போடும் நிலையில் உள்ளது, கூரை எடை தாங்குமா என்பதில் எனக்கு ஆட்சேபம் உண்டு. அதோடு அவளுடைய பதிலும் இணைத்திருந்தது. உங்கள் ஆட்சேபம் கிடைத்தது. பரிசீலிக்கப்பட்டது. ஒப்பந்தப்படி வேலையைத் தொடரவும். கீழே அவள் கையெழுத்து.

ஒரு வருஷமாக இதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். கூட்டத்தில் அவள் கடிதம் வரவில்லை என்று சொல்லியிருந்தால், நகராட்சி முன்னால், ஒன்பது பேர் முன்னால், இதை எழுந்து நின்று உரக்கப் படித்திருப்பான். அவள் காது சூடேறியது. ஆணி எண்ணுவதற்குக்கூட அவளை அப்புறம் யாரும் வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். கோபத்தில் அந்தத் தாளைக் கிழிக்கப் போனாள்; மறுபடி ஒருமுறை குட்டி போடும் நிலை என்று படித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் தன்னையறியாமல் சிரித்தாள்.

மேயரிடம் அக்டோபர் என்று சொல்லிவிட்டு வந்திருந்த ரோட்டர்முண்டுக்கு அந்தக் கடிதத்தைக் கண்டதும் வேர்த்துவிட்டது. பொறுப்பல்ல என்று ஒருவன் எழுதிக் கொடுத்த பிறகு ஆளை மாற்றி, தேதி தவறினால், பழி அவருடைய தலையில். வெள்ளிக்கிழமை மாலை ஹில்கெக்குத் தொலைபேசி வந்தது. வேலை முடியும்வரை அவளே இருக்கலாம், ஒப்படைக்கும் நாள்வரை. அதன்பிறகு இந்த நகராட்சியில் அவளுக்கு வேறு தளம் கிடையாது. அதை எழுத்திலும் அனுப்புவார்கள்.

"சாவி?" என்றாள்.

"என்ன சாவி?"

"ரொட்டிச் சாவி. யார் கொடுக்கறது?"

"அதையும் நீங்களே கொடுங்க" என்று வைத்துவிட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு ஒன்பது பேரும் வந்து, ஒருவரையொருவர் பார்க்காதபடி உட்கார்ந்தார்கள். தரை உடைக்கிற இயந்திரம் வெளியே அதிர்ந்துகொண்டிருந்தது. ஹில்கெ அட்டைப் பெட்டியிலிருந்து கற்கண்டு டப்பாவைத் திரும்ப எடுத்து வைத்தாள். ஹாப்போ காலிக் கோப்பைக்குள் ஸ்பூனை டிங்கென்று போட்டான்.

அவள் அவனைத் தாண்டிப் போகவில்லை. ஸ்பூன் கிடந்த கோப்பையிலேயே, ஸ்பூன் மேலேயே, டீயை ஊற்றினாள். விளிம்புவரை ஊற்றினாள். ரெம்மர் வாயில் வைத்த பிஸ்கட்டைக் கடிக்க மறந்தான். ஹாப்போ கோப்பையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ஸ்பூனை எடுத்துத் தட்டில் வைத்தான்.

"மூணு பன்னியும் இன்னும் கூரையிலதான் இருக்கா?" என்றாள் ஹில்கெ.

அவன் டீயை ஒரு வாய் குடித்தான்.

"எழுத்துல கேளுங்க" என்றான்.